அந்த ‘ங்க’ என்னுடையது

நான் சொல்லாத ஒன்றை என் குரல் சொன்னால், அதைச் சொன்னது யார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அம்மாவின் அண்ணனான என் மாமா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருந்தார். அங்கே கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தார். எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. ஆங்கிலம் மட்டும்தான் பேசும். மாமா அதன் உள்ளே புகுந்து, எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, எந்த எண் எந்த ஒலி என்று கண்டுபிடித்தார். கோடை விடுமுறை முழுக்க அது கரகரவென்று இருமியது. கடைசியில் தமிழ் பேசியது. ‘பாருங்க’ என்பதை மட்டும் ‘பாரன்கா’ என்றது.

“கண்ணு, மைக்குல ‘ங்க’ன்னு சொல்லு.”

திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமா என் ‘ங்க’வை நறுக்கி அதன் வாயில் ஒட்டினார். ஆண் குரலில் தொடங்கும் சொல் என் குரலில் முடிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளி திறப்பதற்குள் மாமா கம்ப்யூட்டரைக் கம்பெனிக்கே திரும்பக் கொண்டுபோய், அதை ஸ்பீக்கரில் பேச விட்டார். “பேசாதீங்க. வேலையப் பாருங்க.”

அதே கம்பெனியில்தான் அம்மா, துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றாள். “ஏனுங்கக்கா, உங்க புள்ளையே நம்மள வெரட்டுதுங்க!” என்று பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அன்று மாலை அம்மா மாமாவிடம் கேட்டாள். “அண்ணா, அந்த ‘ங்க’வ மட்டும் எடுத்துருங்க. எங்கள வாடி போடின்னு அதட்டுனாலும் பரவால்லீங்க.”

“மரியாதையாச் சொன்னாத்தானே அம்முணி கேப்பாங்க?”

எடுக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும்வரை, தண்ணீர் குடிக்க நகரும்போதுகூட அம்மாவை விரட்டியது என் குரல். அம்மாவுக்கு என் குரல் பிடிக்கவில்லை என்று நினைத்து, அம்மா கேட்ட அன்று ராத்திரி நான் சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டேன். யார்மேல் கோபப்பட வேண்டும் என்று அப்போது தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. மாமா கம்பெனிகளுக்காகப் புதிதாக, வேலையாட்களிடம் பேசும் ஒரு ஆப் செய்கிறார். போன வாரம் என் மகள் முகத்துக்கு நேரே போனை நீட்டி, “கொஞ்ச நேரம் பேசு சாமி” என்றார். போனைப் பிடுங்கிவிட்டேன்.

“உன்ற கொரல எடுத்ததுல உனக்கென்ன கண்ணு கொறஞ்சு போச்சு?” என்றார்.

என்னைப் படிக்க வைத்தவர் அவர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. இல்லை, பெரிதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். ‘வேண்டாங்க’ என்றால் சிரித்துக்கொண்டே மகள் குரலைப் பதிவு செய்துவிடுவார். பெரியவர்களிடம் அந்த ‘ங்க’ இல்லாமல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. உங்களில் யாராவது சொல்லியிருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.