துணைச் சாமியாரின் முட்டை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கிலாந்துக் கடை ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு, பாம்பனில் எங்கள் வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதில்லை. சோதனை மாதத்தின் கடைசி வாரம் வாடிக்கையாளர் புகார் ஒன்றுக்கு மாதிரிப் பதில் எழுதச் சொன்னார்கள். வேலை நிலைக்குமா என்பது அதைப் பொறுத்திருந்தது. லண்டனிலிருந்து மேலாளர் ஒரே வரியில் கருத்து அனுப்பினார்: என் பதில் ஒரு 'க்யூரட்ஸ் எக்'.

தனித்தனியாக இரண்டு சொல்லும் தெரியும்: க்யூரட் என்றால் சர்ச்சில் பெரிய சாமியாருக்குத் துணையாக இருக்கும் பாதிரியார், எக் என்றால் முட்டை. துணைச் சாமியாரின் முட்டை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்; அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவேன்.

"இதுல என்னத்தா குழப்பம்? சாமியார் பங்களாவுக்கு நாம எதைக் குடுத்து விடுவோம்? நல்லதைத்தான?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் தெருவில் கோழி இடும் முதல் முட்டை பங்களாவுக்குத்தான் போகும். 'மிக்க நன்றி, பெருமையாக இருக்கிறது' என்று உடனே எழுதிவிட்டேன். அம்மா அதற்குள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகுதான் சந்தேகம் வந்தது. உடன் வேலை செய்பவர்களின் குழுவில் கேட்டேன். தில்லிக்காரி கேள்விப்பட்டதே இல்லை என்றாள். அமெரிக்கக்காரர், ஈஸ்டர் முட்டையா என்று கேட்டார். லண்டனில் இருக்கும் என் வயதுப் பெண்ணோ, வயதானவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாளாம். திட்டா பாராட்டா என்று அவளுக்கே தெரியவில்லை. கைபேசியில் தேடினேன். பாதி நல்லது, பாதி மோசம் என்றது ஓரிடம். முழுக்கக் கெட்டதை மரியாதைக்காக நல்லது என்பது என்றது இன்னோரிடம். நான் அனுப்பிய நன்றியை நினைத்து முகம் சுட்டது.

"கெட்டுப்போன முட்டையா?" என்றாள் அம்மா. "அதைப் போயி சாமியாருக்கு எவ குடுத்தா?"

இதற்கு மேல் யாரைக் கேட்பது? மேலாளருக்கே எழுதினேன்: அந்த வழக்கு எங்கள் ஊரில் கிடையாது, எது நன்று, எது மோசம் என்று நேராகச் சொல்லுங்கள்.

மதியம் பதில் வந்தது. தொடக்கம் நன்று. மன்னிப்புக் கேட்ட பகுதி மோசம். திருத்தி அனுப்பு, பார்க்கலாம்.

"அப்ப வேலை இருக்கா, இல்லையா?" என்றார் அய்யா.

"தெரியல அய்யா."

"திரும்பவும் முட்டைக் கதையா?"

"இல்ல, இந்தத் தடவ நேராத்தான் சொல்லியிருக்காக."

"நேராச் சொல்லியுமா தெரியல?"

மன்னிப்புக் கேட்ட பகுதியை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.