பதினோராவது பெயர்

ஒன்பது, பத்து, பதினொன்று. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை எண்ணி முடித்த பிறகுதான் ரிஜிஸ்டர் அக்காவுக்கு மூச்சு சீராக வரும். பன்னிரண்டாவதாக ஒருவர் வந்து நின்றால், தண்ணீர் கொண்டுபோக ஆள் கிடைத்தது என்று மனத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். பத்துப் பேர்தான் என்றால் பேருந்து வந்தாலும் ஏற மனம் வராது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிவிட்டு, "அடடா, ஒருத்தர் குறையுதே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அடங்கியிருந்த அழுகை மறுபடி கிளம்பி, ஓய அரைமணி நேரம் ஆயிற்று.

வயது ஐம்பத்திரண்டு. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில், நோயாளிகள் பெயரெழுதும் ரிஜிஸ்டரோடு இருபது வருடம். அது வயிற்றுக்கு. கௌரவத்துக்கு, கிரிக்கெட் இன்னும் வேர்விடாத அந்தச் சின்ன நாட்டின் கிரிக்கெட் சங்கத்துக்கே அவர்தான் செயலாளர். சங்கத்தின் தலைமையகம், எக்ஸ்ரே படங்கள் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டு. மேல்தட்டில் குடிமக்களின் கடைவாய்ப் பற்கள். கீழ்த்தட்டில் தேசத்தின் கிரிக்கெட். ஒருநாள் தட்டு மாறி, ஆட்டக்காரர்கள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று புள்ளி வைத்த படம் டாக்டர் கைக்குப் போய்விட்டது. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இத்தனை இடைவெளியா? எல்லாத்தையும் எடுத்துட வேண்டியதுதான்" என்றாராம்.

பதவி அவரைத் தேடி வந்த கதையும் பல்லில்தான் தொடங்குகிறது. முன்னாள் செயலாளர் வேர் சிகிச்சைக்கு வந்தார். வாய் மரத்துக் கிடந்த நேரத்தில் சங்கத்துக் கோப்பு ஒன்றை நீட்டினார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மரியாதைக்கு அக்காவும் கேட்கவில்லை. மனிதர் அதற்குப் பிறகு பல்வலி என்று அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. அக்கா அதுவரை மட்டையைத் தொட்டதும் இல்லை, பிறகும் தொடவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவர் கணவர் அவ்வப்போது சீண்டுவார்: "ஏம்மா, நீ ஆடுறதும் இல்ல, ஓடுறதும் இல்ல. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"நீங்க லிஃப்ட் சரி பண்றீங்களே, பத்தாவது மாடியில குடியிருக்கிறது நீங்களா?" என்பார் அக்கா.

அவருக்கு இருந்த ஒரே குறை, பெண்கள் அணி. ஆறு வருடமாக அக்கம்பக்கத்து நாடுகளோடு ஆடி, சிலவற்றில் ஜெயித்தும் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றும் ஏட்டில் ஏறவில்லை. சர்வதேச அமைப்பு உறுப்பு நாடாகச் சேர்த்துக்கொண்டால்தான் இருபது ஓவர் ஆட்டத்துக்குச் சர்வதேச அந்தஸ்து. அதுவரை எல்லாம் சும்மா போய் விளையாடிவிட்டு வந்த கதைதான். அணித் தலைவி பிரசவ வார்டு நர்ஸ், முப்பத்தாறு வயது. "ஆயிரத்து நூறு ரன் அடிச்சிருக்கேன்கா. நம்புறது எங்க மாமியார் ஒருத்தங்கதான். அவங்களும் பாதியைத்தான் நம்புறாங்க" என்று சிரிப்பார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "இது இன்னும் ஒரு வருஷம் தாங்குமாம். அதுக்குள்ள ஒரே ஒரு மேட்ச், கணக்குல ஏறுற மாதிரி..." என்று நிறுத்திவிடுவார். அந்த நிறுத்தம் அக்காவின் காதிலேயே கிடந்தது.

உறுப்பினராக நிபந்தனைகள் ஒரு கட்டு. மைதானம், பயிற்சியாளர், ஆண்கள் அணிகள் எல்லாம் தேறிவிட்டன. உள்ளூரில் பெண்கள் அணி குறைந்தது மூன்று இருந்தாக வேண்டும், ஒவ்வொன்றிலும் பதினொரு பேர். ஆசிரியைகள் அணி தயார், தபால் நிலையத்தார் அணி தயார். மூன்றாவதான நர்ஸுகள் அணியில், ஷிஃப்ட் மாறி மாறி, பத்துக்கு மேல் தலை தேறவில்லை.

இங்கேதான் அக்காவின் கை வேலையைக் காட்டியது. மருத்துவமனை ரிஜிஸ்டரில் தினம் ஒரு நேரத்தைத் தன் பெயரிலேயே எழுதி வைப்பது அவர் வழக்கம். கன்னம் வீங்கி யாராவது ஓடி வந்தால், தன் பெயரை அழித்துவிட்டு அவர்களை நுழைத்துவிடுவார். ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்த புதுநோயாளிகள், பாவம், இந்த அம்மாவுக்கு வாயில் ஒரு பல்கூட உருப்படி இல்லை போலிருக்கிறது என்று இரக்கப்படுவதும் உண்டு. அதே பழக்கத்தில் நர்ஸுகள் பட்டியலின் பதினோராவது வரியில் தன் பெயரை எழுதி இடம் பிடித்து வைத்தார். மறுவாரமே, நர்ஸுகள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் பிசியோதெரபி செய்யும் இயன்முறைப் பெண் ஒருத்தி அணியில் சேர்ந்தாள். ஆனால் அக்கா தன் பெயரை அழிக்க மறந்து, உறையை ஒட்டி அனுப்பிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை சர்வதேச அமைப்பின் ஆய்வாளர் வந்தார். முப்பது வருடம் அம்பயராக நின்று ஓய்வு பெற்றவர். வெயிலில் காய்ந்த நெட்டை மனிதர். மைதானத்து ஓரத்தில் நின்று, பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல் நர்ஸுகள் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்தார். பத்துப் பேர் கை தூக்கினார்கள். பதினோராவது பெயரைப் படித்ததும் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் திரும்பிப் பார்த்தார். பின்னால் வேலிதான் இருந்தது.

"உங்க பேர்தானே?" என்றார் ஆய்வாளர்.

"என் பேர்தாங்க. ஆனா அது இடம் பிடிச்சு வெச்ச பேரு. ஆடப்போறது இந்தப் பொண்ணு."

"நல்லா ஆடுவாங்கன்னு பார்த்தாலே தெரியுது. ஆனா லிஸ்ட்ல இல்லையே. லிஸ்ட்ல இருக்கிறவங்க ஆடணும், இல்லன்னா இது பத்துப் பேர். பத்துப் பேர் சேர்ந்தா கூட்டம், டீம் இல்ல."

"மறுபடி எழுதிக் கொடுத்தா?"

"தாராளமா. அடுத்த ஆய்வு ரெண்டு வருஷம் கழிச்சு."

அணித் தலைவி குனிந்து முழங்காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்து, மறுபடி சுற்றத் தொடங்கினார்.

"ஆடுறேன்" என்றார் அக்கா.

இயன்முறைப் பெண்ணின் சட்டை தோளில் பிடித்தது, கால்சட்டை தரையைப் பெருக்கியது. "அக்கா, கால்காப்பை மாத்திக் கட்டியிருக்கீங்க. அது இடது காலுக்கு" என்றாள் ஒரு நர்ஸ். "ரெண்டும் என் கால்தானேடி, சும்மா இரு" என்றார்.

ஆசிரியைகள் அணியோடு ஆட்டம்; நர்ஸுகள் முதலில் மட்டை பிடித்தார்கள். பதினாறாவது ஓவரில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. மறுமுனையில் தலைவி நாற்பத்தொரு ரன்னோடு நின்றார். அக்கா எழுந்தார். கைக்கடிகாரம், மருத்துவமனைச் சாவிக்கொத்து, கைபேசி எல்லாவற்றையும் கழற்றிப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்றது ஆய்வாளர். பந்துவீச்சாளர்களின் தொப்பியை முப்பது வருடம் வாங்கி வைத்துக்கொண்ட கை, யோசிக்காமல் நீண்டு வாங்கிக்கொண்டது.

முதல் பந்து எங்கே போனது என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது, மட்டைக்கும் கட்டைவிரலுக்கும் சேர்த்து முத்தம் கொடுத்துவிட்டு ஓரமாக உருண்டது. "ஓடுங்கக்கா!" என்று தலைவி கத்தினார். அக்கா ஓடினார். பேருந்தைத் துரத்துகிறவர்போல, ஒரு கையை உயர்த்திக்கொண்டே ஓடினார். போய்ச் சேர்ந்ததும் எதிரணி ஆசிரியையிடம், "டீச்சர், இது எனக்கா, அவளுக்கா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தாம்மா, நீங்கதானே அடிச்சீங்க" என்றாள் அவள். அக்கா இன்னும் ஆறு பந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு என்பது வேறு விஷயம், நின்றார். அந்த நேரத்தில் தலைவி அறுபதைத் தொட்டு, கேட்ச் கொடுத்து வெளியேறினார்.

திரும்பி வந்தபோது விரல் தக்காளியாகச் சிவந்து வீங்கியிருந்தது. ஆய்வாளர் சாவிக்கொத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பட்டியலில் பதினோராவது பெயருக்கு எதிரே பேனாவால் குறி போட்டார்.

"பதிஞ்ச ஆள் ஆடியாச்சு. உங்க பேப்பரெல்லாம் சரியா இருக்கு, நல்லபடியா எழுதிடறேன்" என்றவர், கடிகாரத்தை நீட்டினார். "விரலைப் பாருங்க. உங்களுக்குப் பதிலா ஃபீல்டிங்குக்கு அந்தப் பொண்ணை விடலாம், விதியில இடமிருக்கு. நீங்க போய் நிழல்ல உட்காருங்கம்மா."

இயன்முறைப் பெண் தொப்பியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். நர்ஸுகள் மைதானத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார். ஆய்வாளரின் உள்ளங்கையில் இருந்த கடிகாரத்தின்மேல் அவருடைய விரல்களையே ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, தரையைப் பெருக்கும் கால்சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பின்னால் ஓடினார்.