கோட் பிரிவில் நின்ற ஆரோக்கியமேரி அக்கா

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது குழாயடியில் குடத்தை வைத்ததுதான். எங்கள் தெருவுக்கு வாரம் ஒருநாள் தண்ணீர் வரும். உள்ளே கைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. ஏழு குடமும் நிரம்பிய பிறகுதான் போய் எடுத்தேன். வடமதுரையிலிருந்து ஆரோக்கியமேரி அக்காவின் தம்பி பேசினார். "அக்கா போயிருச்சும்மா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." முந்தின நாள் மாலைவரை என் பக்கத்தில் நின்று, கோடைக்குப் புதிதாக வந்த தொப்பிகளை மூட்டை பிரித்து அடுக்கியவர்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ரெடிமேட் கடையில் குறைந்த விலைக்கு மாப்பிள்ளைக் கோட் வாங்கிய எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். பதினைந்து வருடமாக ஆண்களுக்கு அளவெடுத்த பெண் அவர். இறந்தபோது வயது ஐம்பத்து நான்கு. நான் பி.காம். முடித்து, சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அதே கடைக்குப் பில் போட வந்து, கடைசி நான்கு வருடம் கோட் பிரிவில் அவருக்குப் பக்கத்தில் நின்றவள்.

அவர் முதன்முதலில் டேப்பை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தை மாதக் கல்யாணக் கூட்டம். கோட் பிரிவில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார். சட்டைப் பிரிவிலிருந்த அக்கா நேராக வந்து, ஒரு மாப்பிள்ளையின் மார்பைச் சுற்றி டேப்பை வைத்தார். பையன் ஊசி போட வந்தவன்போல விறைத்து நின்றான். கூட வந்த தாய்மாமன் சும்மா இருப்பாரா?

"ஏம்மா, அளவெடுக்க ஆம்பள ஆளு இல்லையா?"

"இருக்காருங்கய்யா, சாப்பிடப் போயிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் மாப்பிள்ளை இப்படியே கையத் தூக்கிட்டு நிக்கட்டும்ங்கிறீங்களா?"

சாப்பிடப் போனவர் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். பில் மேசையில் குனிந்து சிரிப்பை அடக்கினேன். அன்று மாலை, "பயமா இல்லையாக்கா?" என்று கேட்டதற்கு, "டாக்டரம்மா நெஞ்சுல குழாய வச்சா மூச்ச இழுத்து விடுறாய்ங்கல்ல? நான் டேப்ப வச்சா மட்டும் மானம் போயிருமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் வரவேற்புக்கு மாப்பிள்ளை போடும் கோட்டைப் பெண் வீட்டார்தான் வாங்கித் தர வேண்டும். தேர்ந்தெடுப்பதோ மாப்பிள்ளை வீட்டார். கோட்டின் கைப்பட்டைக்கு மேல் கம்பெனிப் பெயர் போட்ட ஒரு துணி லேபிளை லேசாகத் தைத்திருப்பார்கள். வாங்கியதும் பிரித்துவிட வேண்டியது அது. நம் ஊரில் யாரும் பிரிப்பதில்லை. கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை கையை மடக்கி அந்த லேபிளைக் காட்டிக்கொண்டு நிற்பார். அக்கா அதைக் கடையிலேயே பிரித்துவிடுவார்.

ஒருமுறை வத்தலக்குண்டுப் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக, மாப்பிள்ளை வீட்டாரோடு கோட் எடுக்க வந்திருந்தார். மலிவான சாம்பல் நிறக் கோட். மாப்பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அக்கா லேபிளைப் பிரித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா கொதித்துவிட்டார்.

"அதப் பிரிச்சிட்டா என்ன கோட்டுன்னு நாலு பேருக்கு எப்படித் தெரியும்?"

"நாலு பேரு மாப்பிள்ளையப் பாக்க வாராங்களா, அவரு கையப் படிக்க வாராங்களா?"

"வாங்கடா, வேற கடையில பாத்துக்கலாம்."

பெண்ணின் அப்பா துண்டைக் கையில் முறுக்கியபடி நின்றார். வேறு கடை என்றால் அவருக்கு எவ்வளவு செலவு ஏறும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அக்கா பெரியப்பாவை விட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கண்ணாடி முன்னால் திருப்பினார். "ஏப்பு, நீ சொல்லு. போடப்போறது நீதான." அவன் பொத்தானைப் போட்டு, தோளைத் திருப்பிப் பார்த்தான். "இதே இருக்கட்டும் பெரியப்பா" என்றான். முதலாளி அன்று அக்காவைத் திட்டினார். மறுநாளும் அக்கா லேபிளைப் பிரித்தார்.

அவருடன் வேலை பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. அளவு தவறாகச் சொன்னால் ஆள் முன்னாலேயே, "படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சு?" என்பார். ஒருமுறை ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எட்டாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

கோடையில் ஆண்களுக்கென்று வரும் அகல விளிம்புத் தொப்பியைப் பூப்பறிக்கும் பெண்களுக்கு விற்றவரும் அவர்தான். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். "தலையில வெயிலு விழுகும்போது ஆம்பள பொம்பள பாத்தா விழுகுது?" என்று கேட்டார். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் சிரித்தவர்களைப் பார்த்து, "எம்புட்டு நேரம் சிரிப்பீங்க, சிரிங்க" என்றாராம்.

அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல, பெரிய மாலையோடு கல்லறைவரை வந்தவர். "அந்தம்மா இருந்துச்சு, சனங்களும் பழகிட்டாங்க. அது அவங்களோட போகட்டும். திங்கக்கிழமையில இருந்து கோட்டுக்கு ஆம்பள ஆளு வாரான். நீங்க பில்லுக்கே போயிருங்க, கௌரவமா உக்காந்து பாக்கலாம்" என்றார். நான்கு வருடமாக அக்காவுக்குப் பக்கத்தில் நின்று நானும் அளவெடுத்தவள். அதைக்கூடச் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னால், உட்கார்ந்து பார்க்கிற வேலை நல்லதுதானே என்பார்கள்.

நிற்க இடம் கொடுங்கள் என்று அக்கா யாரிடமும் கேட்டதில்லை. போய் நின்றார், நின்ற பிறகு வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான். பதினைந்து வருடம் அவர் நின்று உண்டாக்கிய இடத்தை, அவரைப் புதைத்த வாரத்திலேயே நான் தலையாட்டி விட்டுக்கொடுத்தால் அந்த மாலைக்கும் கண்ணீருக்கும் என்ன அர்த்தம்?

இதை எழுதும் இந்த நேரம்வரை என் முடிவை யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பில் மேசையில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வருகிறவர் எனக்குப் பக்கத்தில் நிற்கலாம், இடம் இருக்கிறது. முதல் மாப்பிள்ளைக்கு நான்தான் அளவெடுப்பேன்.