கோழிக்கு எடுத்த ரத்தம்

எங்கள் முட்டைக்கோழிப் பண்ணையில் மாசம் தவறாமல் கோழிகளின் றெக்கையில் ஊசி குத்தி, ரத்தம் எடுத்து நாமக்கல் லேபுக்கு அனுப்புவோம். நோய் வெளியே தெரியும் முன்னே பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு வெறி. றெக்கையை விரித்துப் பிடித்துக்கொள்வது என் மனைவி. ஆறு மாசமாக வயிறு உப்புசமாக இருக்கிறது என்றாள். ஓமத்தண்ணி குடி என்றேன், மடையன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் ரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் அளவு எங்கேயோ போயிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "சினைப்பையில ஆரம்பிச்சு வயிறு பூரா பரவிடுச்சு. அப்பவே ரத்தம் எடுத்துப் பாத்திருக்கலாமே?" என்றார்.

திரும்பும் வழியில் அவள்தான் பேசினாள்: "ஏனுங்க, நாளைக்குக் கோழிக்கு ரத்தம் எடுக்கோணும். மறந்துறாதீங்க."