இழுத்து ஒட்டக் கூடாத வெடிப்பு

தெருவில் எல்லோருக்கும் அவள் பிளாஸ்திரி அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராகச் சேர்ந்தவள். பிறகு வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டாள். இடுப்பு தேயும்வரை அதே வேலை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பிளாஸ்திரிச் சுருள் இருக்கும். பக்கத்து வீட்டு வாளி ஓட்டையானால்கூட அதைத்தான் ஒட்டிக் கொடுப்பாள். வாளி ஒழுகத்தான் செய்யும். முகம் கோணாமல் ஒட்டிக் கொடுத்தாளே என்று அவர்களும் வாயைத் திறப்பதில்லை.

அப்பாடா என்று உட்காரலாம் என்ற நேரத்தில் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் ஓர் அலுவலகத்தில் கார் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது தான் ஓட்டிய பழைய காரையே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மாடியில் இருந்த வீட்டுக்குப் படி ஏற முடியாத மனிதரை எங்கே படுக்க வைப்பது? கார் நின்ற கொட்டகைக்குச் சுவர் எழுப்பி, கதவு வைத்து, கட்டிலைப் போட்டாள். கார் வெளியே வெயிலுக்குப் போனது. அடுத்த கோடையில் டேஷ்போர்டு குறுக்கே பிளந்துகொண்டது.

“என்னைத் தூக்கி நிழல்ல போட்டே, அதைத் தூக்கி வெயில்ல போட்டே. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வெடிக்கத்தானே செய்யணும்” என்றார் அவர். பக்கவாதம் அவருடைய நாக்கைத் தொடவில்லை.

வெடிப்பை அவள் முதலில் பொருட்படுத்தவில்லை. ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு? ஆனால் அவரை பிசியோதெரபி நிலையத்துக்கு அவள்தான் அந்தக் காரில் ஓட்டிக்கொண்டு போவாள். அவருடைய இடது கைக்கு உணர்ச்சி இல்லை. மடியில் வைத்தால் நிற்காது. வண்டி திரும்பும்போதெல்லாம் நழுவிப்போய் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் இருக்கையை முன்னால் தள்ளிப் போட்டு, வலது கையால் இடது கையைத் தூக்கி டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் வீட்டில் இறக்கும்போது சட்டைக் கையெல்லாம் ரத்தம். வெயிலில் காய்ந்து விறைத்த வெடிப்பின் ஓரம் தகரம்போல மேலே வளைந்திருந்தது. அது உள்ளங்கையைக் கிழித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை உடம்பு வேறு. அந்தப் புண் ஆறுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செய்தி தெரிந்து மகள் வந்தாள்.

“வண்டியைக் கொடுத்துடலாம்மா. என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்.”

“கொடுத்துட்டு?”

“வாடகை வண்டி.”

“உங்கப்பா ஏறுவாரா?”

உயரமான வாடகை வண்டி ஒன்றிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, தெருவே பார்க்க அவர் தரையில் உட்கார்ந்தது மகளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அடுத்தவர் வண்டி என்றாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

“போறதை நிறுத்தினா கால் விறைச்சுப் போகும்” என்றாள் அக்கா. “அப்புறம் கட்டில்தான். கட்டிலோட கிடந்தவங்களை நீ பார்த்ததில்ல, நான் பார்த்திருக்கேன்.”

“கை மட்டும் பரவாயில்லையா? மறுபடி கிழிஞ்சு புண்ணு உள்ளே ஓடினா? கையுறை போட்டு விடேன்.”

“நான் என்ன கோல்கீப்பரா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துண்டு போட்டும் பார்த்தாயிற்று. அது நழுவியது. போதாததற்கு, அதன் வெள்ளை முன்கண்ணாடியில் தெரிந்து ரோட்டை மறைத்தது. வேறு டேஷ்போர்டு கிடைக்குமா என்று மெக்கானிக்கைக் கேட்டதற்கு, இந்த மாடலுக்கு அதைத் தேடுவதைவிட வேறு காரே தேடலாம் என்று சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை அந்த ஆபீஸ்காரரை வண்டி பார்க்க வரச் சொல்லியிருக்கேன்” என்றாள் மகள். “அதுக்குள்ள உன்னால சரி பண்ண முடிஞ்சா பண்ணு. நான் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். உனக்காகவோ அப்பாவுக்காகவோ ஒத்துக்க மாட்டேன்.”

அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன் பெண்தான்.

மறுநாளே வேலையில் இறங்கினாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வெடிப்பைத் துடைத்தாள். இரண்டு ஓரங்களையும் விரலால் நெருக்கி, குறுக்கே பிளாஸ்திரி போட்டு இழுத்துப் பிடித்து, இடுக்கில் பசையை விட்டாள். பசை பிடித்ததும் பிளாஸ்திரியை உரித்தாள். மயிரிழைக் கோடுதான் தெரிந்தது. கையைக் கிழித்துக்கொண்டு வந்த எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒட்டி அனுப்பியிருப்பாள்! திருப்தியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

வெயில் ஏறியது. டப்பென்று ஒரு சத்தம்.

“உன் பேஷண்ட் கூப்பிடறான், போய்ப் பாரு” என்றார் ஜன்னலோரம் படுத்திருந்தவர்.

ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக, முன்னதைவிட நீளமாக ஒன்று திறந்திருந்தது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணினே?”

சொன்னாள்.

“நல்லாருக்கு! அது என்ன தோலா? ஓரத்தைச் சேர்த்து வெச்சா தானா வளர்ந்து பிடிச்சுக்கிறதுக்கு? வெயில்ல காஞ்சு சுருங்கிப் போச்சு. அந்த அகலத்துக்குப் பொருளே இல்ல. இல்லாததை இழுத்தா பக்கத்துலதான் கிழியும். பார்க்கிற எல்லாத்துக்கும் ஒரே பிளாஸ்திரி!”

“சரி சரி, போதும்.”

கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரி. அது மட்டுமில்லை, அவளுக்கே தெரிந்த சங்கதி அது. கத்தி கீறிய காயத்தில்தான் ஓரத்தோடு ஓரம் சேரும். சதை போய்க் குழி விழுந்த படுக்கைப்புண்ணை யாராவது இழுத்து ஒட்டுவார்களா? செத்ததை எடுத்துவிட்டு, அடியிலிருந்து நிரம்ப விடவேண்டும். எத்தனை முதுகுகளுக்கு அதைச் செய்திருக்கிறாள்! காரைப் பார்த்ததும் காயத்தின் வகையைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது இப்படிச் செய்திருந்தால் வார்டு முழுக்கக் கேட்கத் திட்டியிருப்பாள்.

ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

“காஞ்சப்புறமும் வளையற பசை வேணும்.”

“எல்லாரும் கல்லு மாதிரி ஆகணும்னு கேப்பாங்க அக்கா.”

“கல்லு மாதிரி ஆனா மறுபடி வெடிக்கும். எனக்கு வளையணும்.”

பம்பர் விரிசலுக்குப் போடுகிற, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை அவரை நாற்காலியோடு கார்க் கதவருகே கொண்டுவந்து உட்கார வைத்தாள். வாயாவது வேலை செய்யட்டும்.

“முனையில சின்னதா ஓட்டை போடு. இல்லேன்னா விரிசல் ஓடிட்டே இருக்கும்.”

ஒவ்வொரு முனையிலும் மெல்லிய துளை போட்டாள். மேலே வளைந்த ஓரங்களைப் பிளேடால் தாராளமாக வெட்டி எறிந்தாள். அடியில் பொடிந்து கிடந்த மஞ்சள் ஸ்பான்ஜைப் பழைய இடுக்கியால் பொறுக்கி எடுத்தாள். இப்போது டேஷ்போர்டு முன்னைவிடக் கோரமாக இருந்தது. அதில் அவளுக்குக் கவலை இல்லை. சுத்தம் செய்த புண் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். பசையை அடியில் கொஞ்சம் வைத்து, இறுக விட்டு, மறுபடி வைத்தாள். மேல்மட்டத்துக்கு வந்ததும் மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தாள்.

“அழுத்தாதே. தடவு.”

“உங்களுக்கு முதுகு தேய்ச்சுவிடும்போது மட்டும் அழுத்தச் சொல்றீங்க?”

“அது என் முதுகு. இது என் வண்டி.”

கடைசியில் சுற்றிலும் காகிதம் ஒட்டி, கறுப்பு பெயிண்ட்டை ஊதினாள். பழைய பரப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்ததால் புதிய கறுப்பு பளிச்சென்று தனியாக நின்றது.

“கடைசியில பிளாஸ்திரி போட்ட மாதிரியேதான் இருக்கு” என்றார்.

பெரியவர்களுக்கான டயப்பர் வந்த அட்டைப்பெட்டியை விரித்து முன்கண்ணாடிக்கு உள்பக்கம் சாத்தினாள். இனி வெயில் அதன் தலையில் விழட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் முதலில் வந்தாள். கறுப்புத் திட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“அழகைப் பார்க்காதே. இதால பாரு” என்று அக்கா ஒரு பிடி பஞ்சை மெல்லியதாகப் பிரித்து அவள் கையில் கொடுத்தாள். “சும்மா இழு. நார் மாட்டினா தோலும் மாட்டும்.”

மகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தாள். நிலையம் போய்வருவது, வண்டி, கால் எல்லாம் அந்தப் பஞ்சில் தொங்கின. நாற்காலியில் இருந்தவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பாதியில் மகள் கை நின்றது.

“மாட்டுதும்மா.”

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். ஊசிமுனை அளவுக்கு ஒரு பிசிறு. உப்புத்தாளால் நாலு தடவல்.

“இன்னொரு தடவை இழு. புதுப் பஞ்சு எடு.”

மகள் இழுத்தாள். திருப்பி எதிர்ப்பக்கமாகவும் இழுத்தாள். காற்று வரும் துவாரத்தின் ஓரம், டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி என்று அம்மா சொல்லாத இடங்களிலும் இழுத்துப் பார்த்தாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. பஞ்சைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசல் கேட் பக்கம் நடந்தாள்.

“சார், வராதீங்க... இல்ல சார், விலை பிரச்சினை இல்ல. வண்டி வீட்டுக்கே வேணுமாம்.”

அடுத்த முறை நிலையத்துக்குப் போகும்போது மகளும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் முன்னால் எட்டி அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் அக்கா அந்தக் கையைப் புரட்டி, விரல் விரலாகப் பிரித்து, உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை, கீறல் இல்லை.

“உள்ளே நடங்க” என்று வாக்கரை அவர் முன்னால் வைத்தாள்.