வெள்ளகோவில் பயணம்: பத்துப் பேர் வரைந்த ஒரே தென்னை மரம்

கல்கத்தாவில் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஜனங்கள் பாட்டில் வீசி, ஆட்டத்தையே பாதியில் நிறுத்தினார்களே, அந்த வருஷம். அது முடிந்து ஒரு மாசம் இருக்கும். நம் பக்கம் எலெக்‌ஷன் சூடு ஏறிவிட்டது. சுவரில் எழுதினால் கேஸ், போஸ்டர் ஒட்டினால் கேஸ் என்று ஆபீசர்கள் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சித்திரை வெயிலில்தான் போத்தனூரிலிருந்து வெள்ளகோவிலுக்கு நான் சொல்லப்போகும் பயணம் போனோம்.

இந்த வலைப்பக்கத்தில் ஊர் ஊராய்ப் போய்வந்து எழுதுகிறவள் என் பேத்தி. ஓவிய சிகிச்சை படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், செய்முறைப் பயிற்சிக்கு அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது, வழி எப்படி, ஆட்கள் எப்படி என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், அவள் தட்டுகிறாள்.

ஜெயமணி என் தங்கச்சி மகள். எங்களுடையது அன்னூர்ப் பக்கம் தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை செய்த குடும்பம். எனக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் வேலை கிடைத்த பிறகு போத்தனூருக்கு வந்துவிட்டோம். அவள் கோயமுத்தூரில் எம்.ஏ. சைக்காலஜி முடித்து, ஸ்காலர்ஷிப் வாங்கி, ஆர்ட் தெரபி படிக்க இங்கிலாந்து போனாள். இரண்டு வருஷப் படிப்பு. நான் அதை டிராயிங் மாஸ்டர் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

"அதில்லீங்க மாமா. நான் வரையச் சொல்லிக் குடுக்கக் கூடாது. நல்லாருக்குதுன்னும் சொல்லக் கூடாது, நல்லால்லைன்னும் சொல்லக் கூடாது. வாயில வராததை அவங்க தாள்ல எறக்கி வெக்கறாங்க. நான் கூட உக்காந்திருக்கோணும்."

"சும்மா உக்கார்றதுக்கா கண்ணு ரெண்டு வருஷம்?"

"உங்களுக்குச் சும்மா உக்கார வருதுங்களா?"

வராதுதான். எதிரில் ஒரு ஆள் தேம்பினால் நான் உடனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தோளைத் தட்டி, பேச்சை மாற்றிவிடுவேன். அவள் அந்தக் கையைக் கட்டிக்கொள்ளப் படித்தாள். அங்கே படிக்கிறவர்களே வாராவாரம் இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து, வரைந்து, தன் மனசில் கிடப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டுமாம். அதைச் செய்யாமல் அடுத்தவர் முன்னால் உட்கார விடமாட்டார்களாம். வயலில் குனிந்த குடும்பத்திலிருந்து ஒரு பெண் கடல் தாண்டிப் போய் இதைப் படித்தாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

கடைசிப் பயிற்சியை நம் ஊரிலேயே செய்யக் காலேஜ் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. அதே படிப்பைப் பல வருஷம் முன்பே முடித்துப் பெங்களூரில் இருந்த லீலாவதி மேடம் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பயிற்சி நடந்த இடம் வெள்ளகோவிலுக்கு நாலு கிலோமீட்டர் வெளியே. மூடிப்போன எண்ணெய் மில்லின் குடோன். ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்த்துக் குணமாகியும், வீட்டார் வந்து கூட்டிப்போகாத பத்துப் பேர் அங்கே இருந்தார்கள். தோட்டம் துரவு உள்ள வீட்டு ஆட்களும் உண்டு, அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போன ஆட்களும் உண்டு. வெளியே ஒரே பாயில் உட்காராதவர்கள் உள்ளே ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தாள் சுருளையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வாராவாரம் நானும் அவளோடு போனேன்.

பயணத்துக்கு முந்தின சாயங்காலம் மேடம் ரயிலில் போத்தனூரில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில்தான் தங்கல். ஜெயமணி அதுவரைக்கும் சேர்ந்த தாள்களைத் தரையில் பரப்பினாள். முதல் வாரம் பத்துத் தென்னை மரம். அடுத்த வாரம் பத்து ரயில். அதற்கடுத்து பத்துத் தேர். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன வரையணும்னு நீ சொல்றியா ஜெயமணி?"

"இல்லீங்க மேடம். மனசுக்குத் தோணுறதை வரையுங்கன்னு மட்டுந்தான் சொல்றேன்."

"பத்து மனசுல ஒரே மரமா தோணும்? இது ஸ்கூல் பிள்ளைங்க நோட்டு மாதிரி இருக்கு. நாளைக்கும் இப்படித்தான்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

ஸ்காலர்ஷிப் அந்த ஆனியோடு முடிகிறது. இன்னொரு தடவை போய்ப் படிக்க எங்கள் வீட்டில் வழி கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் இரண்டு வருஷமும் போச்சு. ஜெயமணி அழவில்லை. தாள்களை வாரம் வாரமாக அடுக்கிக் கட்டினாள். ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் ஐந்தரைக்கு டவுன் பஸ் பிடித்து சிங்காநல்லூர் போனோம். ஆளுக்கு ஒன்றரை ரூபாய். அங்கே திருச்சி ரோட்டில் நின்று கரூர் போகிற பஸ்ஸை மடக்கினோம். வெள்ளகோவிலுக்குப் பதினேழு ரூபாய் டிக்கெட். என் தோளில் இருந்த தாள் சுருளைக் கண்டதும் கண்டக்டர் படியிலேயே கையை நீட்டி மறித்துவிட்டார்.

"ஏனுங்க பெரியவரே, எந்தக் கட்சி போஸ்டருங்க?"

"போஸ்டரில்லீங்க, வெறுந்தாளுங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நேத்து ஒருத்தர் வேட்டின்னு சொல்லி ரெண்டு கட்டுக் கொடியை ஏத்திப்போட்டாருங்க. எனக்கு மெமோ வந்துருச்சு. பிரிச்சுக் காட்டுங்க."

ரோட்டிலேயே பிரித்தேன். கண்டக்டர் முன்னும் பின்னும் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"ஒண்ணுமே காணமுங்களே! இதைத் தூக்கிட்டா வெள்ளகோவில் வரைக்கும் போறீங்க?"

"போடறவங்க அங்க இருக்கறாங்கண்ணா" என்றாள் ஜெயமணி. பஸ் முழுக்கச் சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

சூலூர், பல்லடம் தாண்டிக் காங்கயத்தில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். டீக்கடைக்குப் போனோம். மேடம் சர்க்கரை இல்லாமல் காப்பி கேட்டார். ஜெயமணி, "எனக்கும் அதே" என்றாள். நானும், "அதே போதுமுங்க" என்றேன். கடைக்காரர், "சக்கரையில்லாம மூணு காப்பி!" என்று உள்ளே குரல் கொடுத்தார். வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ஜெயமணி என்னையே பார்த்தாள்.

"மாமா, நீங்க மூணு கரண்டி சக்கரை போட்டு டீ குடிக்கற ஆளு. இது எதுக்கு?"

"அட, அவுங்க வெளியூருக்காரங்க. நாம வேற ஒண்ணு சொன்னா அவுங்களைத் தனியா உட்டாப்பல ஆயிருமில்ல கண்ணு? நல்லாவா இருக்கும்?"

அவள் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "நானும் இதைக் குடிக்கற ஆளில்லை" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"மாமா, அங்க எப்பவும் மொதல்ல வரைய ஆரம்பிக்கறது யாருங்க?"

"மாரப்பன்தான். முன்னால தறி ஓட்டினவரு. பாவம், கை நடுங்கும். கோடெல்லாம் கோணலாப் போகும்."

"அவர் கோணலா ஒரு தென்னை மரம் போட்டா, பக்கத்துல இருக்கறவங்க நேரா வேற ஒண்ணு போடுவாங்களா?"

"அதெப்படி கண்ணு போடுவாங்க? அவரு மனசு என்ன பாடுபடும்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மற்ற ஒன்பது பேரும் அந்த மனுஷனைத் தனியாக விடாமல் கூடப் போயிருக்கிறார்கள். தென்னை மரம், ரயில், தேர் எல்லாம் அப்படி வந்ததுதான். முன் சீட்டில் மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை.

வெள்ளகோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், முப்பது ரூபாய். பத்து மணிக்குள்ளேயே தார் ரோடு இளகிக் கிடந்தது. வார்டன் அக்கா மோர் கொடுத்தார். பாயில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் சுவரோரம் ஒரு நாற்காலியில், கையில் பேனாவோடு.

ஜெயமணி தாள்களைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு யாரும் உங்களுக்குன்னு வரைய வேண்டாமுங்க. உங்க வலப்பக்கம் இருக்கறவங்களுக்கு என்ன புடிக்கும்னு நீங்க நினைக்கறீங்களோ, அதை வரைஞ்சு அவங்களுக்குக் குடுங்க. அவங்களைக் கேக்கக் கூடாதுங்க."

மாரப்பன் கையைத் தூக்கினார். "தப்பாப் போட்டுப்போட்டா அம்மிணி?"

"தப்பா இருந்தா அவங்க சொல்லலாமுங்க."

"அதெப்படிங்க சொல்றது!" என்று எதிர்ப்பக்கம் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வரைந்தார்கள். ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து ஆளின் முகத்தைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ரேடியோ, வெள்ளாட்டுக் குட்டி, தட்டு நிறைய முறுக்கு, மூக்குக் கண்ணாடி. பத்தும் பத்து விதம். மேடத்தின் பேனா ஓடியது. எனக்கு மூச்சு வந்தது.

கைமாற்றிக்கொள்ளும்போது மறுபடி சிக்கல். வாங்கிய ஆள் ஒவ்வொருவரும், "இதேதானுங்க எனக்குப் புடிக்கும்" என்றார்கள். ஒரே வார்த்தை, ஒரே சிரிப்பு. தாளில் இருந்த தென்னை மரம் இப்போது வாய்க்கு வந்துவிட்டது. மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

கடைசியாக மாரப்பன் தன் வலப்பக்கம் இருந்த நாச்சம்மாவிடம் தாளை நீட்டினார். நாச்சம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயசு இருக்கும். தோட்டத்துக்காரர் வீட்டு மருமகள். அந்தப் பத்துப் பேரில் அதிகம் பேசாதவர் அவர்தான். மாரப்பன் நடுங்கின கையால் ஒரு பஸ் போட்டிருந்தார், ஜன்னலில் ஒரு பொம்பளை.

"ஊருக்குப் போற பஸ்ஸுங்க அம்மிணி. உங்க ஆளுக வந்து கூட்டிட்டுப் போறாப்பல."

நாச்சம்மா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சங்கடப்படாதீங்க மாரப்பா. எனக்கு இது வேண்டாமுங்க."

மாரப்பன் முகம் விழுந்துவிட்டது. எல்லோர் பார்வையும் ஜெயமணி மேல். நானாக இருந்தால், "அதனால என்னங்க, பஸ்ஸு நல்லாத்தான இருக்குது" என்று ஏதாவது சொல்லி மெழுகியிருப்பேன். அவள் கையைக் கட்டி உட்கார்ந்தே இருந்தாள். சும்மா உட்காருவது என்றால் என்ன என்று அன்றைக்குப் பார்த்தேன்.

நாச்சம்மா தாளைத் திருப்பிப் போட்டார். வண்ணப் பெட்டியிலிருந்து வரைகிற கரித்துண்டை எடுத்து ஒரு அடுப்பு வரைந்தார். மேலே ஒரு சட்டி, பக்கத்தில் ஒரே ஒரு தட்டு.

"எனக்குத் தனியா ஒரு அடுப்புங்க. என் கையில ஆக்கித் திங்கோணும். ஊருக்கு வேண்டாமுங்க."

வாசலில் நின்ற வார்டன் அக்கா பதறிப்போனார். "ஏன் நாச்சம்மா, மாசாமாசம் உங்க ஊட்டுக்கு நான் கடுதாசி போட்டுட்டிருந்தேனே! ஒருநாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அவ்வளவு பிரயாசைப்பட்டுப் போடறீங்க. எப்படிங்க வேண்டாம்கறது?"

அப்போதுதான் ஜெயமணி வாயைத் திறந்தாள். "அடுப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கோணுமுங்க?"

"கெழக்க பாத்துங்க. கொஞ்சம் ஒசரமா. குனிஞ்சா இடுப்புப் புடிக்குது."

எதிரில் இருந்த பெரியவர் முறுக்குத் தாளைத் தூக்கினார். "அப்படின்னா நானும் சொல்லிப்போடறேனுங்க. எனக்குப் பல்லே இல்லை. முறுக்கை வெச்சு என்ன பண்றது?" மாரப்பனே சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவராகத் தாளைத் திருப்பினார்கள். கரி தீர்ந்துபோய், வார்டன் அக்கா சமையல்கட்டிலிருந்து அடுப்புக் கரி கொண்டுவந்தார்.

திரும்பும்போது வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் மேடம் கேட்டார்: "அந்தம்மா வேண்டாம்னு சொன்னப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வாய் வரைக்கும் வந்துருச்சுங்க மேடம். உள்ளயே வெச்சுக்கிட்டேன்."

"அதுக்குத்தான் என் கையெழுத்து. அந்தத் தென்னை மரத்தையெல்லாம் ரிப்போர்ட்டோட சேத்து அனுப்பு. நேத்து நான் அவசரப்பட்டுட்டேன்னும் எழுதறேன்."

இனி போகப்போகிற பிள்ளைகளுக்கு. கோயமுத்தூரிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். திருச்சி, கரூர் பஸ் எல்லாம் அந்த வழிதான். இன்றைய டிக்கெட் விலையைப் பேத்தி விசாரித்துச் சொல்வாள். சித்திரையில் போகாதீர்கள், ஐப்பசிக்கு மேல் போங்கள். இந்த மாதிரி வீடுகளுக்குச் சொல்லாமல் போகக் கூடாது. முன்னமே அனுமதி வாங்குங்கள். போட்டோ எடுக்காதீர்கள். கெட்டித் தாள் கொண்டுபோங்கள், கரி நிறையக் கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்தார், "உங்க இஷ்டமுங்க" என்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அது உங்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர்கள் இஷ்டம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். அது வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கத்தான் உங்கள் படிப்பு.

ஜெயமணி பட்டம் வாங்கினாள். இத்தனை வருஷமாக அந்த வேலைதான் செய்கிறாள். வார்டன் அக்கா அந்த ஆடியிலேயே கொல்லையில் அடுப்பு போட்டுக் கொடுத்தார், கிழக்குப் பார்த்து, இடுப்பு உயரத்தில். அவர் இப்போது இல்லை. மேடமும் இல்லை. மாரப்பன் ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். அந்தப் பாயில் உட்கார்ந்த பத்துப் பேரில் இன்னும் இருப்பது ஒருவர்தான். போனால் பின்பக்கம் புகை வருகிற இடத்துக்குப் போங்கள். சாப்பிடச் சொல்வார். வேண்டாமென்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், கோவித்துக்கொள்ள மாட்டார். நாச்சம்மா.