தூக்கிக்கொண்டு ஓட முடியாத கணினி

ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி அறையில் ஆளுக்கு ஒரு பை, ஒரு பெட்டி, ஒரு பாய். அதற்கு மேல் யாரிடமும் சாமான் கிடையாது. யாரும் போட்ட சட்டம் இல்லை அது. கட்டில் வாங்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். காண்ட்ராக்ட் முடிந்து யார் எப்போது எந்த ஊருக்குக் கிளம்புவோம் என்று தெரியாதபோது கட்டிலை யார் மாடியிலிருந்து இறக்குவது? பாயைச் சுருட்டினால் அறை காலி. பத்து நிமிடத்தில் எங்களில் யார் வேண்டுமானாலும் போய்விடலாம்.

அந்த அறைக்கு நான் ஒரு கணினி வாங்க வேண்டியிருந்தது. லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று முடிவு செய்வதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. இரண்டு வருட காண்ட்ராக்ட்டில் அப்போது நான்கு மாதம் மீதி இருந்தது. வேலை முடிந்ததும் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பில் பி.இ. படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் கணினியில் இயந்திரப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரைந்து, ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு மாடல்கள். முந்தைய ஆண்டு அதே பாடத்தில் ஏழாவது மாடலோடு நிறுத்திவிட்டிருந்தேன். இந்த முறையும் சமர்ப்பிக்காவிட்டால் சேர்க்கையையே ரத்து செய்துவிடுவார்கள் என்று துறை அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

என்னிடம் ஒரு லேப்டாப் இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. டிப்ளமோ முழுக்க அதில்தான் முடித்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது நான்கு பாகங்களுக்கு மேல் பொருத்தினால் திரை வெள்ளையாகிவிடும். கல்லூரி ஆய்வகமோ வகுப்பு நேரத்துக்கு மட்டும்தான். ஆகவே புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

எதையும் பட்டியல் போடாமல் என்னால் முடிவு செய்ய முடியாது. வேலையில் பழகியது. எங்கள் பிரிவில் இரண்டு சப்ளையர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒரு அட்டவணை போடுவோம். இடது பக்கம் தேவைகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முக்கியத்துவம் என்று ஒரு எண், பிறகு மதிப்பெண், பெருக்கிக் கூட்டினால் விடை. முக்கியத்துவத்தை முதலில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மதிப்பெண் பக்கம் போக வேண்டும் என்பது விதி.

நான் ஒரு நோட்டில் இருபத்து மூன்று வரிசை எழுதினேன். வேகம், நினைவகம், திரை அளவு, மின்வெட்டு, பழுது பார்க்கும் வசதி, எடை, சத்தம், தூசி. டெஸ்க்டாப் ஜெயித்தது. ஒரே விலைக்கு அதில் எல்லாமே கூடுதல். எனக்கு ஏனோ திருப்தியில்லை. 'எடை'க்கு முக்கியத்துவத்தை ஏற்றினேன், லேப்டாப் ஜெயித்தது. அதுவும் பிடிக்கவில்லை. கேன்டீனில் சாப்பிடும்போது ஒரு தடவை, கம்பெனி பஸ்ஸில் ஒரு தடவை, வகுப்பில் வெப்ப இயக்கவியல் நடக்கும்போது ஒரு தடவை என்று அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருந்தேன். பஜாரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு நான்கு முறை போனேன். நான்காவது முறை கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. “மேடம், நீங்க சும்மா பாத்துட்டுப் போங்க, பரவால்ல” என்றார்.

அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் அரக்கோணம் பக்கத்து அக்கா. வேறொரு கம்பெனியில் உற்பத்தி லைனில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறவர். இன்னொருத்தி என் தோழி. என்னோடு ஒரே நாளில் அதே தொழிற்சாலையில் சேர்ந்தவள், காண்ட்ராக்ட்டும் எனக்கு முடியும் அதே நாளில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் அக்கா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி இது, மளிகை லிஸ்ட்டுனு பாத்தா மார்க் லிஸ்ட்டா கீது?”

“கம்ப்யூட்டருக்குக்கா. எது வாங்கறதுனு.”

“அதுக்கு ஏன் இத்தினி அடிச்சி அடிச்சி எழுதிக்கினு கீறே? வாத்தியாரும் நீயே, புள்ளையும் நீயே, பிட்டு குடுக்கறதும் நீயே.”

தோழி பாயில் படுத்தபடியே சொன்னாள்: “லேப்டாப் வாங்குடி. கம்பெனி பஸ்லயே உக்காந்து முடிச்சிடலாம்.”

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். “உங்க கேட்ல வுட்டுடுவானா?”

எங்கள் கேட்டில் போனின் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். சொந்த லேப்டாப் உள்ளே போகவே கூடாது. வெளியே வைத்துவிட்டுப் போகவும் இடமில்லை. பஸ்ஸில் வந்து இறங்கி அப்படியே வகுப்புக்குப் போகிறவள் நான். லேப்டாப் வாங்கினாலும் அது திங்கள் முதல் சனி வரை இதே அறையில்தான் கிடக்கும். கிட்டத்தட்ட இரண்டு வருடமாகத் தினமும் அந்த கேட் வழியாகப் போய் வருகிறேன். இருபத்து மூன்று வரிசையில் கேட் இல்லை.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. “லேப்டாப்பே வாங்கிடு. நாளைக்குப் போற எடத்துக்கு எடுத்துனு போலாம்.”

“எந்த எடத்துக்கும்மா?”

“போற எடத்துக்குத்தான்.”

அம்மா சொன்னது கல்யாணத்தை. அதற்கு நான் எரிச்சல்பட்டு போனை வைத்தேன். ஆனால் வைத்த பிறகும் மனம் அமைதியாகவில்லை. தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். அதைச் செய்து பார்த்தேன். ஏன் லேப்டாப்? எடுத்துக்கொண்டு போகலாம். ஏன் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? வேலைக்கு இல்லை, வகுப்புக்கும் அவசியமில்லை. அறையைக் காலி செய்கிற நாளுக்கு. ஏன் இப்போதே அந்த நாளுக்குத் தயாராக இருக்க வேண்டும்? மூன்றாவது ஏனிலேயே பேனா நின்றுவிட்டது. முந்தைய ஆண்டு ஏழாவது மாடலில் நிறுத்தியபோது பழைய லேப்டாப்பின் மேல்தான் பழியைப் போட்டேன். உண்மையில் அப்போது நான் எனக்கே சொல்லிக்கொண்டது வேறு: எப்படியும் இங்கிருந்து போகப்போகிறோம், இதை முடித்து என்ன. அம்மாவுக்கும் எனக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

டெஸ்க்டாப் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த மறுநாள், அக்காவின் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் அறையில் இடம் கொடுப்பதாக அக்கா சொல்லிவிட்டு வந்தார். தூத்துக்குடிப் பெண். தற்காலிகமாக ஒரு லாட்ஜில் இருக்கிறாள், இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும். அறையில் நான்காவது பாய்க்குத்தான் இடம் உண்டு. நான் மேசை போட நினைத்திருந்தது அதே இடம்.

மூன்று மீட்டர் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். நோட்டில் மேல்பார்வைப் படம் வரைந்தேன். மேசையைச் சின்னதாக்கி, துணிக்கொடியை நகர்த்தி, பெட்டிகளை அடுக்கி வைத்தால் நான்கு பாயும் மேசையும் அடங்கும். இடைவெளி நான்கு விரல்தான், ஆனால் அடங்கும். பெருமையாகக் காட்டினேன்.

அக்கா படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். “நாற்காலி எங்க?”

நாற்காலியை நான் வரையவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய இடத்தையும் வரையவில்லை. தினமும் மைக்ரான் கணக்கில் அளப்பது என் வேலை.

“அப்ப அந்தப் பொண்ண வேற எடம் பாக்கச் சொல்லலாமாக்கா?” என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

“மேசையை யாருடி கேட்டா? நாம சோறு துன்றது மேசைலயா? கீழ வெச்சி, பாய்ல குந்திக்கினு வரை.”

சொன்னபடியே ஆனது. கடைக்காரர் பணம் வாங்கும்போதுகூட நம்பாமல் பார்த்தார். ஆட்டோவில் மானிட்டர் என் மடியிலும் சி.பி.யு. கேபினெட் தோழியின் மடியிலுமாக வந்தன. “இத எறக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும், ஞாபகம் வெச்சிக்கோ” என்று அவள் மாடிப்படியில் மூச்சு வாங்கச் சொன்னாள். சுவரோரம் ஒரு பலகை, அதன்மேல் மானிட்டர். பக்கத்தில் கேபினெட்டும் யு.பி.எஸ்ஸும். அதையொட்டித் தூத்துக்குடிப் பெண்ணின் பாய். முதல் நாள் அவள் கேபினெட்டைத் தயங்கித் தயங்கிப் பார்த்தாள்.

“எக்கா, தூக்கத்துல கால நீட்டி இத ஒதச்சிட்டேன்னா?”

“உதைக்காதே.”

“எனக்குத் தெரிஞ்சா நான் ஏங்க்கா ஒதைக்கேன்? தூக்கத்துலல்லா சொல்லுதேன்.”

கேபினெட் பக்கம் தலையை வைத்துப் படு என்றேன். அதிலும் சிக்கல் வந்தது. அவள் காலை ஷிப்ட் வாரத்தில் எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். நான் வகுப்பு முடிந்து வந்து உட்காரும்போது திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழும். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தாள். மின்சாரம் போனால் யு.பி.எஸ். கத்தும், அவள் எழுந்து உட்கார்ந்து “பஸ் வந்துட்டா?” என்பாள். அவளுக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரம்தான் எனக்கு வேலை ஓடும். ஸ்க்ரூ ஜாக், பிளம்மர் பிளாக், ஃபிளேஞ்ச் கப்ளிங் என்று, அப்படியும் சராசரியாக வாரத்துக்கு ஒரு மாடல் வீதம் போய்க்கொண்டிருந்தேன். முதுகு வலித்தது. சம்மணமிட்டு மரத்துப்போன காலை உதறிக்கொண்டு அறைக்குள்ளேயே நாலு நடை நடப்பேன். நடக்கக் கிடைத்ததும் நாலு நடை இடம்தான்.

ஏழாவது மாடல் முடிந்த வாரத்தில் என்னையும் தோழியையும் எச்.ஆர். கூப்பிட்டார்கள். நீட்டிப்பு வரவில்லை. மாதக் கடைசியோடு சரி.

தோழிக்கு இரண்டே நாளில் ஓசூரில் வேலை கிடைத்தது. எனக்கும் சேர்த்துப் பேசியிருந்தாள். அதே சம்பளம், அதே பிரிவு, திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அவள் பாயைச் சுருட்டிப் பெட்டியை மூடியபோது நான் மணி பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“கெளம்புடி. என்ன பாத்துனு நிக்கிற?”

“இத என்ன பண்றது?”

“வித்துடு. கடைக்காரன் பாதிக்கு எடுத்துக்குவான்.”

“ஓசூர்லேர்ந்து தண்டலத்துக்கு எப்படிடி வகுப்புக்கு வர்றது?”

“அடுத்த வருஷம் அங்கயே எங்கயாச்சும் சேர்ந்துக்கலாம்.”

கிட்டத்தட்ட இதையேதான் முந்தைய ஆண்டு நான் எனக்குச் சொல்லியிருந்தேன். அவள் சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டு வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓசூர் வழியாகப் போகும் பெங்களூரு பஸ்ஸில் அவள் ஏறியதும், எனக்கும் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். கணினி இல்லாமல் பெட்டி மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே ஏறியிருப்பேன். திரும்பி வந்து கணினியைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. ஏதோ அது பிடித்து வைத்துக்கொண்ட மாதிரி. பிறகு அதன் முன்னால் உட்கார்ந்து எட்டாவது மாடலைத் திறந்தேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரகடத்திலேயே சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அறிக்கை எழுதுகிற வேலை போய், லைன் கடைசியில் நின்று கேஜ் வைத்துப் பாகங்களின் அளவு பார்க்கிற வேலை. சம்பளம் குறைவு. மூன்று ஷிப்ட். வகுப்பு நாளில் எல்லாம் யாரிடமாவது ஷிப்ட் மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். “இன்னா, காலேஜு, இன்னிக்கும் மாத்தணுமா?” என்று லைனில் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சமர்ப்பிக்கும் நாளன்று எனக்கு மதிய ஷிப்ட். மாற்றிக்கொள்ள யாரும் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் என் முறை வரவே பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பன்னிரண்டு மாடல்களையும் வேகமாகத் திறந்து மூடினார். கடைசியில், லேத்தின் பின்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கில் நின்று, கைச்சக்கரத்தை மவுஸால் பிடித்துச் சுழற்றினார். உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் தண்டு சக்கரத்தோடு சுழலாமல் நேராக வெளியே வந்தது.

“சுத்தாம நேரா வருதே, எப்படி?” என்றார்.

“கீழே ஒரு சாவிப்பள்ளம் இருக்கு சார். அதுல ஒரு திருகு முனை உக்காந்திருக்கு. அதனால முன்னும் பின்னும்தான் போக முடியும்.”

படத்தை வெட்டிப் பார்த்தார். இருந்தது. ரெக்கார்ட் நோட்டில் பன்னிரண்டு இடத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனாவை எடுத்து, தேதியையும் எழுதி, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா அவசரம்?”

“செகண்ட் ஷிப்ட் சார்.”

அவர் கடைசி மூன்று கையெழுத்தைத் தேதியில்லாமல் போட்டு நோட்டை நீட்டினார். தேதியை நான் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார். ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லூரி கேட்டை நோக்கி ஓடினேன். நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் வேகத்தைக் குறைப்பது தெரிந்தது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை, கையைத் தூக்கிக் கத்திக்கொண்டே ஓடினேன்.